நான்கு நாளில் கட்டுரை வெளியிட்டுத் தருகிறார்களாம், இந்தச் சஞ்சிகையை நம்பலாமா?

தலவாக்கலைக்காரி

வணக்கம். ஆய்வுச் சஞ்சிகைகள் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். கல்வியியலில் முதுதத்துவமாணி முடித்துவிட்டேன். தோட்டத்துப் பிள்ளைகள் சாதாரண தரத்துக்குப் பிறகு ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. லயன் லயனாகப் போய், வாசற்படியில் உட்கார்ந்து கேட்டு எழுதிய தகவல்கள். விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிப்பதென்றால் வெளிவந்த கட்டுரை ஒன்றிரண்டு கையில் இருக்கட்டும் என்று மேற்பார்வையாளர் சொன்னார். ஓர் அத்தியாயத்தைக் கட்டுரையாகச் சுருக்கி வைத்திருக்கிறேன், தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது.

போன வாரம் ஓர் ஈமெயில் வந்தது. மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே என்று தொடங்குகிறது. நான் பேராசிரியர் இல்லை. போன வருட மாநாட்டில் வாசித்த கட்டுரையின் தலைப்பை, மாநாட்டு மலரில் விழுந்த அச்சுப்பிழையோடு அப்படியே போட்டு, அந்த ஆய்வைப் படித்து வியந்துபோனோம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையை அனுப்பினால் 4 நாளில் வெளியிட்டுவிடுவார்களாம். இம்பாக்ட் ஃபாக்டர் 8.1 ஆம். ஐஎஸ்எஸ்என் நம்பர் இருக்கிறது, டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) தருவார்களாம், கூகுள் ஸ்கொலரில் வருமாம், சான்றிதழும் உண்டாம். கட்டணம் 180 டொலர், எனக்கு மட்டும் கழித்து 95. முகவரி அமெரிக்காவில் இருக்கிறது, ஆனால் தொடர்பு கொள்ள ஒரு வட்ஸ்அப் நம்பர்தான்.

95 டொலர் என்றால் 28,000 ரூபாவுக்கு மேல் வருகிறது. அம்மா இன்னும் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து எடுக்கிறார். பிடிப்பெல்லாம் போக அவருடைய ஒரு மாதச் சம்பளம் அது.

கூடப் படித்தவர்கள், "எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள், நீயும் போடு" என்கிறார்கள். வீட்டில் இவர், "காசு கேட்கிறவன் எல்லாம் கள்ளன்" என்கிறார். இரண்டில் எது சரி? இதை நானே சரிபார்க்க வழி இருக்கிறதா?

ஹட்டன் வாத்தியார்

யோசிக்கவே வேண்டாம் மிஸ், அழித்துவிடுங்கள். எனக்கும் இப்படி அடிக்கடி வரும். ஒரு பல் வைத்தியச் சஞ்சிகை என்னை ஆசிரியர் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டது. நான் படிப்பிப்பது சைவசமயம்.

பழைய நூலகர், கண்டி

மகள், வாத்தியார் சொன்னதுதான் முடிவு. ஆனால் காரணம் தெரிந்துகொண்டு அழிப்பது நல்லது. அடுத்த ஈமெயில் இவ்வளவு அசட்டுத்தனமாக இருக்காது. உன்னைப் பேராசிரியர் என்று எழுதாது, அச்சுப்பிழையையும் திருத்திக்கொண்டு வரும்.

நான் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிக் கடிதங்களை அச்செடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தவர்களில் முதலாம் வருடப் பிள்ளைகளும் உண்டு, தலை நரைத்த கலாநிதிகளும் உண்டு. எல்லாருக்கும் ஒன்றைத்தான் சொல்வேன். அவர்கள் காட்டும் எதையும் அவர்கள் தரும் இணைப்பு வழியாகப் பார்க்காதே. நீயாக வெளியே போய்த் தேடு.

முதலில் அந்த 8.1. இம்பாக்ட் ஃபாக்டர் என்று ஆய்வுலகம் சொல்வது, ஒரு சஞ்சிகையின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து கிளாரிவேட் நிறுவனம் வருடா வருடம் கணித்துத் தரும் எண்ணை. அது வேண்டுமென்றால் சஞ்சிகை அந்த நிறுவனத்தின் வெப் ஒஃப் சயன்ஸ் பட்டியலில் இருக்க வேண்டும். அதன் மாஸ்டர் ஜேர்னல் லிஸ்டில் பெயரைப் போட்டுத் தேடலாம், காசு வேண்டாம். ஸ்கோபஸ் என்ற இன்னொரு ஆய்வுத் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் ஸ்கோபஸின் சோர்சஸ் பக்கமும் இலவசந்தான். இந்தப் பட்டியல்களில் இல்லாத சஞ்சிகை 8.1 என்று போட்டால், அதைப் போட்டது அவர்களே, அல்லது காசு வாங்கிக்கொண்டு எண் விற்கிற வேறொருவர். பெயருக்கு முன்னால் குளோபல், யுனிவர்சல் என்று ஏதாவது ஒட்டிய இம்பாக்ட் ஃபாக்டர்கள் நிறைய இருக்கின்றன. படிக்கும்போதே சந்தேகப்படு.

ஐஎஸ்எஸ்என் வாகனத்தின் நம்பர் பிளேட் மாதிரி. எந்த வண்டி என்று சொல்லும், ஓட்டுகிறவருக்கு லைசன்ஸ் உண்டா என்று சொல்லாது. தொடர்ந்து வெளிவரும் எதற்கும் விண்ணப்பித்து அந்த எட்டு இலக்கத்தை வாங்கலாம், கோயில் மாத இதழுக்குக்கூட. பாரிஸில் இருக்கும் ஐஎஸ்எஸ்என் நிலையத்தின் தளத்தில் நம்பரை அடித்துப் பார். சில நேரம் அந்த நம்பர் வேறொரு சஞ்சிகையுடையதாக இருக்கும். அப்போது மேற்கொண்டு பார்க்க வேண்டியதே இல்லை.

டிஓஐயும் அப்படித்தான். பதிப்பகம் ஒன்று உறுப்பினராகிக் கட்டணம் கட்டினால் கிடைக்கும். ஆனாலும் அவர்கள் பழைய கட்டுரைகளுக்குக் கொடுத்திருக்கும் டிஓஐ ஒன்றை எடுத்து டிஓஐ தளத்தில் ஒட்டிப் பார். எங்கேயும் போகாமல் நின்றால் அது வெறும் இலக்கக் கோர்வை. கூகுள் ஸ்கொலரை ஒரு தகுதியாகவே எடுக்காதே. அது இணையத்தில் கிடக்கிறதையெல்லாம் தானாகப் பொறுக்கும் இயந்திரம்.

இதெல்லாம் பத்து நிமிட வேலை. நான் அதிகம் நம்புவது வேறொன்றை. கடைசியாக வந்த இதழைத் திறந்து உள்ளடக்கத்தைப் படி. கல்வியியல் சஞ்சிகை என்றார்களே, அதில் என்ன இருக்கிறது? ஒரு விரிவுரையாளர் காட்டிய இதழில் கோழித் தீவனம், கொங்கிரீட் தூண், திருக்குறளில் முகாமைத்துவம், இரத்த அழுத்தம் எல்லாம் அடுத்தடுத்து இருந்தன. அப்புறம் ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து முழுதாகப் படி. உன் துறை என்பதால் உனக்கே தெரியும். அட்டவணையின் கூட்டுத்தொகை சரியா, உசாத்துணையில் உள்ள நூல் உண்மையில் இருக்கிறதா, வந்த திகதிக்கும் ஏற்ற திகதிக்கும் இடையில் எத்தனை நாள் என்று பார். அந்த இதழில் எல்லாக் கட்டுரைகளும் இரண்டு மூன்று நாளில் ஏற்கப்பட்டிருந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். துறை தெரிந்த வேறு ஆய்வாளர்கள் படித்து மதிப்பிடுவதைத்தான் ரிவியூ என்பது, நேர்மையான ரிவியூவுக்கு மாதக்கணக்கு எடுக்கும். படிப்பவர்களும் நம்மைப் போல விடைத்தாள் திருத்திக்கொண்டு, பிள்ளை குட்டிகளையும் பார்த்துக்கொண்டுதானே படிக்கிறார்கள்.

யாரும் படிப்பதில்லை என்பதை வேண்டுமென்றே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2013இல் ஜோன் பொஹானன் என்ற பத்திரிகையாளர், சயன்ஸ் இதழுக்காக, கற்பாசியிலிருந்து புற்றுநோய் மருந்து என்று பிழைகள் மலிந்த ஒரு பொய்க் கட்டுரையைச் செய்து 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன, 98 மட்டும் நிராகரித்தன. எனக்குப் பிடித்தது 2014இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. பீட்டர் வாம்ப்ளூ என்ற கணினித்துறை ஆய்வாளர், இந்த ஈமெயில் தொல்லை தாங்காமல், என்னை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துத் தொலையுங்கள் என்று கெட்ட வார்த்தையோடு திட்டும் ஒரே வாக்கியம் பத்துப் பக்கத்துக்கு நிரம்பிய பழைய கட்டுரை ஒன்றை, தொல்லை கொடுத்த சஞ்சிகைக்கே அனுப்பினார். படமும் வரைபடமும்கூட அதே வாக்கியத்தால் ஆனவை. மிகச் சிறந்தது என்ற மதிப்பீட்டோடு ஏற்றுக்கொண்டு 150 டொலர் கேட்டார்கள். அவர் கட்டவில்லை.

கடைசியாக, ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் ஒருவரைப் பிடி. அவருடைய முகவரியைச் சஞ்சிகையின் பக்கத்திலிருந்து எடுக்காதே, அவருடைய பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போய் எடு. இரண்டே வரி எழுது: இந்தச் சஞ்சிகையில் நீங்கள் இருக்கிறீர்களா, ரிவியூ எப்படி நடக்கிறது. பெயர் போட்டிருப்பதே தெரியாத பேராசிரியர்கள் இருக்கிறார்கள். போலந்து ஆய்வாளர்கள் இல்லாத ஒரு பெண்மணியை உருவாக்கி, தகுதியே இல்லாத அவருக்கு ஆசிரியர் பதவி கேட்டு 360 சஞ்சிகைகளுக்கு விண்ணப்பித்தார்கள். 48 சஞ்சிகைகள் கொடுத்தன. 2017இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

பதுளை மண்

நூலகர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அக்கா, உங்கள் வீட்டுக்காரர் சொன்னது முழுக்கச் சரியில்லை. நான் மண்ணியல் படித்தவன். எங்கள் துறையில் காசு வாங்கும் நல்ல சஞ்சிகைகளும் இருக்கின்றன. பிளோஸ் வன் 2006இலிருந்து வருகிறது, எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்குகிறது, வாசிக்கிறவர்களுக்கு இலவசம். இந்த முறையையே கள்ளத்தனம் என்று சொன்னால் பாதி விஞ்ஞானத்தைத் தள்ள வேண்டி வரும். வித்தியாசம் என்னவென்றால், நல்ல இடத்தில் கட்டணம் எவ்வளவு என்று அனுப்புவதற்கு முன்பே பக்கத்தில் போட்டிருப்பார்கள், ஏற்றுக்கொண்ட பிறகுதான் கேட்பார்கள், கொடுக்க வசதியில்லாத நாட்டுக்காரருக்குக் கழிவு என்ன என்றும் எழுதி வைத்திருப்பார்கள். இலங்கையிலிருந்து எழுதுகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் 95 என்பது சேலைக் கடைப் பேச்சு.

இன்னொன்று, இணையத்தில் கள்ளச் சஞ்சிகைகளின் கறுப்புப் பட்டியல் என்று சுற்றுவதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கொலராடோவில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல் தொகுத்த பட்டியல்தான் பிரபலம், அதை அவர் 2017 ஜனவரியில் எடுத்துவிட்டார். இப்போது கிடைப்பவை அதன் நகல்கள், யார் யாரோ கூட்டியும் குறைத்தும் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஒரு சஞ்சிகை நல்லதாகிவிடாது. நல்லவற்றின் பட்டியலைப் பார்ப்பதுதான் நல்லது. யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுகல் சஞ்சிகைகளுக்கு டிஓஏஜே என்ற பட்டியல் இருக்கிறது, 2003இல் சுவீடனில் தொடங்கியது. பொஹானன் கதைக்குப் பிறகு அவர்களும் விதிகளை இறுக்கி எல்லாரையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார்கள். 2016இல் 3,000க்கும் மேற்பட்ட சஞ்சிகைகளை வெளியே போட்டார்கள்.

திருட்டுத் தளங்களும் இருக்கின்றன, அதுதான் மோசம். உண்மையான பழைய சஞ்சிகையின் பெயர், ஐஎஸ்எஸ்என், அட்டைப்படம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, வேறு முகவரியில் ஒரு தளம் போட்டு, காசு வாங்குவார்கள். பெயரைத் தேடினால் ஸ்கோபஸில் இருக்கும், ஏனென்றால் உண்மையான சஞ்சிகை அங்கே இருக்கிறது. அதனால் பெயரோடு நிற்காமல், தளத்தின் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மீளப்பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்‌ஷன் வொச் தளம் இப்படிக் கடத்தப்பட்ட சஞ்சிகைகளுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, இலவசம்.

கம்பளைக் குமார்

எல்லாரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? ஆங்கிலத்தில் எழுதினால் மொழி சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். தமிழில் மலையகத்தைப் பற்றி எழுதினால் போடுவதற்கு எத்தனை இடம் இருக்கிறது? பதவி உயர்வுக்குப் புள்ளி போடுகிறவர் கட்டுரையைப் படிக்கிறாரா? எண்ணிக்கையையும் சான்றிதழையும்தான் பார்க்கிறார். நான் தமிழ்நாட்டுச் சஞ்சிகை ஒன்றில் காசு கட்டிப் போட்டேன், வேலை நடந்தது. தங்கச்சி, மற்றவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தால் வயசுதான் போகும்.

பழைய நூலகர், கண்டி

குமார், கோபத்தில் நியாயம் இருக்கிறது. புள்ளி போடும் முறை இப்படி இருக்கும்வரை இந்த வியாபாரமும் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தமிழ்நாட்டுக் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு முதலில் ஓர் அங்கீகாரப் பட்டியல் வைத்திருந்தது. அதிலிருந்து 2018 மே மாதம் 4,305 சஞ்சிகைகளை ஒரே அடியாக எடுத்தார்கள். பிறகு கெயார் பட்டியல் வந்தது, அதையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். அங்கீகாரம் பெற்றது என்று அட்டையில் போட்டு விற்றவற்றில் எத்தனை இன்றைக்கு இருக்கின்றன? உங்கள் கட்டுரை இருக்கும் தளம் இன்று திறக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். திறந்தால் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆண்டுக் கட்டணம் கட்டாமல் தளம் மூடப்பட்டு, கட்டுரையும் சேர்ந்து காணாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்முகத் தேர்வில் இணைப்பைத் திறந்து காட்டச் சொன்னால் என்ன செய்வது?

எங்கே போவது என்று கேட்டீர்கள். ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளம் 2008இலிருந்து இருக்கிறது, தேசிய விஞ்ஞான மன்றம் நடத்துகிறது. நம் நாட்டுச் சஞ்சிகைகள் பல அங்கே இருக்கின்றன. மன்றமே சமூக விஞ்ஞானத்துக்கு ஒரு சஞ்சிகை நடத்துகிறது, மகளின் ஆங்கிலக் கட்டுரைக்கு அது பார்க்க வேண்டிய இடம். தமிழ்க் கட்டுரைக்கு யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்கள் வெளியிடும் சஞ்சிகைகளைப் பாருங்கள், தமிழில் ஏற்பவை அவற்றில் இருக்கின்றன. ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். திருப்பியும் அனுப்புவார்கள். திருப்பி அனுப்பும்போது இரண்டு பக்கக் குறிப்பு வரும், அதைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. மொழி சரியில்லை என்று வந்தால் நம் ஆங்கில ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் உதவலாமே. அட்டன் பக்கத்தில் அப்படி ஆள் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

லயன் வாசலில் உட்கார்ந்து வாங்கிய தகவல் என்றாயே மகள், எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. அந்தப் பெற்றோர் உன்னை நம்பிச் சொன்னதை வேறு ஆய்வாளர்கள் எடுத்து மேற்கோள் காட்ட வேண்டாமா? இந்த மாதிரிச் சஞ்சிகையில் போட்டால் நல்ல ஆய்வாளர்கள் அதைத் தொடவே மாட்டார்கள்.

தலவாக்கலைக்காரி

எல்லாருக்கும் மிகவும் நன்றி. நூலகர் சேர் சொன்ன மாதிரியே பார்த்தேன். மாஸ்டர் லிஸ்டில் இல்லை, ஸ்கோபஸில் இல்லை, டிஓஏஜேயிலும் இல்லை. ஐஎஸ்எஸ்என் உண்மையானது, ஆனால் அமெரிக்க முகவரிக்காரர்களின் நம்பர் வேறு நாட்டில் பதிவாகியிருக்கிறது. கடைசி இதழில் என் தலைப்புக்குப் பக்கத்தில் வரக்கூடிய கட்டுரை, மாட்டுப் பண்ணைச் சாண எரிவாயு. குமார் அண்ணா சொன்னதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் அம்மாவின் காசில் இதைச் செய்ய மனமில்லை.

இன்னொரு பிரச்சினை. என்னோடு படித்த பிள்ளை ஒருத்தி, கொட்டகலைப் பக்கம், இதே ஆட்களுக்கு ஏற்கெனவே கட்டுரையை அனுப்பிவிட்டாள். இரண்டாம் நாளே ஏற்றுக்கொண்டோம் என்று பில் வந்திருக்கிறது. வேண்டாம், எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினால், எடுப்பதற்கு 200 டொலர் கட்டு என்கிறார்கள். கட்டாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம் என்று வட்ஸ்அப்பில் மிரட்டல் வேறு. இரவெல்லாம் அழுகிறாள். என்ன செய்யலாம்?

பழைய நூலகர், கண்டி

முதலில் அந்தப் பிள்ளையிடம் சாப்பிடச் சொல். ஒன்றும் ஆகாது.

காசு கட்ட வேண்டாம், 200ம் வேண்டாம், பழைய பில்லும் வேண்டாம். ஒரு தடவை கட்டினால் அடுத்த பில் வரும். கொப்பிரைட் படிவம் எதிலாவது கையெழுத்துப் போட்டாளா என்று கேள். போடவில்லையென்றால் கட்டுரை முழுக்க அவளுடையது. போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், ஆனால் அந்தப் படிவத்தை எனக்குக் காட்டச் சொல்.

வட்ஸ்அப்பில் பதில் எழுதுவதை நிறுத்தட்டும். ஈமெயிலில் மட்டும் எழுதட்டும், திகதியோடு, சுருக்கமாக: இந்தத் தலைப்பிலான கட்டுரையை இன்று முதல் மீளப்பெறுகிறேன், வெளியிட எனது அனுமதி இல்லை, எந்தக் கட்டணத்துக்கும் நான் உடன்படவில்லை. மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். மேற்பார்வையாளருக்கும் நகல் போடச் சொல். பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம் என்கிறார்களே, அவர்களுக்கு முன் இவளே சொல்லிவிட்டால் அந்த மிரட்டலில் சரக்கு இல்லை. வந்த செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைக்கட்டும். பேங்க் கார்ட் விபரம் எங்காவது கொடுத்திருந்தால் இன்றைக்கே பேங்குக்குப் போன் பண்ணி அந்தக் கார்டை நிறுத்தச் சொல்.

இது இவளுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் ஓமிக்ஸ் பதிப்பகத்தின் மேல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2016இல் போட்ட வழக்கில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு. ஏற்றுக்கொண்ட பிறகு கட்டணத்தைச் சொல்வது, எடுத்துக்கொள்கிறேன் என்றால் விடாமல் பிடிப்பது. 2019 மார்ச்சில் நெவாடா நீதிமன்றம் 50 மில்லியன் டொலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது.

அதே கட்டுரையை வேறு இடத்துக்கு உடனே அனுப்ப வேண்டாம். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இருப்பதாகத் தெரிந்தால் நல்ல ஆசிரியர்களும் சந்தேகப்படுவார்கள். மீளப்பெறும் கடிதம் போய்க் கொஞ்ச நாள் கழித்து அனுப்பட்டும். அனுப்பும்போது நடந்ததை நாலு வரியில் எழுதி அந்தக் கடிதத்தையும் இணைக்கட்டும். இவளைக் கேட்காமலே அவர்கள் போட்டுவிட்டாலும் அதையும் மறைக்காமல் சொல்லட்டும். ஆசிரியர்களுக்கு இந்த ஆட்களைத் தெரியும்.

பதுளை மண்

அந்த அக்காவின் பெயரில் தொடர்ந்து கடிதம் வரும், ஸ்பாமில் போடச் சொல்லுங்கள். பட்டியலிலிருந்து விலக என்று கீழே இருக்கும் இணைப்பை மட்டும் அழுத்த வேண்டாம், அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தலவாக்கலைக்காரி

கடிதம் போய்விட்டது சேர், மேற்பார்வையாளருக்கும் நகல் போட்டாள். படிவத்தில் கையெழுத்துப் போடவில்லையாம். மேற்பார்வையாளர் ஏசவில்லை, அவருக்கும் இதே ஆட்களிடமிருந்து ஈமெயில் வந்ததாம்.

என்னுடையதைத் தமிழில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துத் தருவீர்களா?

பழைய நூலகர், கண்டி

அனுப்பு. வேர்டில் அனுப்பு, பிடிஎஃப் வேண்டாம், எழுத்து பதினான்கு வைத்தால் எனக்கு வசதி. பெற்றோரின் பெயர், தோட்டத்தின் பெயர் எதுவும் வெளியே தெரியாதபடி மாற்றியிருக்கிறாயா என்று முதலில் பார்த்துக்கொள்.